வண்டி விலை இறங்கும்... ரிப்பேர் பில் இறங்காது!

வண்டி வைத்தியம்: பழைய சொகுசு பிக்கப் வாங்கும் முன் என்னவெல்லாம் பார்க்க வேண்டும்?

இந்த வாரக் கேள்வி அமெரிக்காவிலிருந்து வந்திருக்கிறது. டெக்ஸாஸ் மாநிலம் ஹூஸ்டனில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர், 2007 மாடல் லிங்கன் மார்க் எல்டி பிக்கப் ஒன்றைப் பார்த்துவைத்திருக்கிறார். 1,38,000 மைல் ஓடிய வண்டி. கேட்கும் விலை 9,000 டாலர். தோல் சீட், உள்ளே மரப் பட்டை, வெளியே குரோம் என்று எல்லாமே பளபளப்பாக இருக்கிறதாம். கையில் 4,500 டாலர் இருக்கிறது. வீட்டில் இருக்கும் ஒரே காரான பழைய கொரோலாவை விற்றால் 6,000 டாலர் கிடைக்கும். வண்டி விலையும் வரியும் போக 900 டாலர்போல மிஞ்சும். 'ரிப்பேருக்கு அது போதுமா? மனைவி வேண்டவே வேண்டாம் என்கிறார்' என்று கேட்டிருக்கிறார்.

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். போதாது. கொரோலாவை விற்காதீர்கள். பிக்கப் ஆசையை விட வேண்டியதில்லை, ஆனால் அதைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடுங்கள். காரணம் என்ன, அதற்குள் எதையெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் இந்த வாரக் கதை.

பட்டு வேட்டி கட்டிய எஃப்-150

நம் ஊரில் பிக்கப் என்றால் வாழைத்தாரும் சிமென்ட் மூட்டையும் ஏற்றுகிற வண்டி. அமெரிக்காவில் அது குடும்ப வண்டியும்கூட. ஃபோர்டின் எஃப் சீரிஸ்தான் 1977 முதல் அங்கே அதிகம் விற்கும் பிக்கப். அதையே கொஞ்சம் அலங்கரித்துப் பணக்காரர்களுக்கு விற்கலாமே என்று ஃபோர்டுக்கு ஆசை வந்தது. முதலில் 2002-ல் லிங்கன் பிளாக்வுட் வந்தது. பின்பெட்டிக்குள் கார்ப்பெட் விரித்த பிக்கப் அது! மூட்டை ஏற்றவும் மனசு வராது, ஃபோர்வீல் டிரைவும் கிடையாது. அமெரிக்காவில் ஒரே மாடல் வருடத்தோடு கடையைக் கட்டிவிட்டார்கள்.

அடுத்து வந்ததுதான் மார்க் எல்டி. அமெரிக்காவில் 2006 முதல் 2008 மாடல் வரை விற்றது. புதிதாக வாங்க சுமார் 40,000 டாலர் ஆனது. பெயர் லிங்கன் என்றாலும் உள்ளே இருப்பது எஃப்-150. சேஸி, 5.4 லிட்டர் ட்ரைட்டன் வி8 எஞ்சின், நான்கு கியர் ஆட்டோமேட்டிக் எல்லாமே அதனுடையவைதான். 300 குதிரைத்திறன். எஃப்-150-க்குப் பட்டு வேட்டி கட்டிவிட்டால் மார்க் எல்டி.

வாங்குகிறவருக்கு இதில் ஒரு நல்லது உண்டு, ஒரு கெட்டதும் உண்டு. லட்சக்கணக்கில் ஓடும் வண்டியின் எஞ்சின் என்பதால் ஸ்பேர் பார்ட்ஸ் எங்கும் கிடைக்கும், வேலை தெரிந்த மெக்கானிக்கும் கிடைப்பார். இது நல்லது. அந்த எஞ்சினுக்கென்றே சில பேர்போன வியாதிகள் உண்டு, அவை அத்தனையும் இதற்கும் வரும். இது கெட்டது.

வண்டியின் விலை 40,000-லிருந்து 9,000 டாலருக்கு இறங்கிவிட்டது. ஆனால் எஞ்சினைப் பிரிக்க மெக்கானிக்குக்கு ஆகும் மணி நேரம் குறையவில்லை. ஒரு மணி நேர லேபர் 100 முதல் 150 டாலர் வரை போகிறது, டீலரிடம் இன்னும் அதிகம். பழைய சொகுசு வண்டிகளில் மாட்டிக்கொள்பவர்கள் எல்லோருமே இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

பிளக் மாற்றியாச்சா?

விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. ஸ்பார்க் பிளக் மாற்றுவது சாதாரண வேலைதானே என்று நினைப்பீர்கள். இந்த எஞ்சினில் அப்படியில்லை.

2007 கடைசிப் பகுதிக்கு முன் தயாரான 5.4 லிட்டர் மூன்று வால்வு எஞ்சின்களில், பிளக்கை இரண்டு துண்டுகளை இணைத்துச் செய்திருந்தார்கள். அதன் நீளமான கீழ்ப்பகுதியைச் சுற்றிக் கரி படிந்து, சிலிண்டர் ஹெட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஸ்பேனர் போட்டுத் திருகினால் மேல்பாதி கையோடு வந்துவிடும், கீழ்பாதி உள்ளேயே நின்றுவிடும். மொத்தம் எட்டு பிளக். எத்தனை உடையும் என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

இதற்காக ஃபோர்டே மெக்கானிக்குகளுக்குத் தனி வழிமுறை அனுப்பியது. முதலில் பிளக்கைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் தளர்த்த வேண்டும். கார்புரேட்டர் கிளீனரை விட்டு ஊறவைக்க வேண்டும். பிறகு முன்னும் பின்னுமாகத் திருகி மெதுவாக எடுக்க வேண்டும். அப்படியும் உடைந்தால் துண்டை வெளியே எடுக்கத் தனிக் கருவி இருக்கிறது.

ஒழுங்காகக் கழன்று வந்தால் 300 முதல் 500 டாலருக்குள் வேலை முடியும். நாலைந்து உடைந்தால் பில் இரண்டு மடங்காகும். துண்டு வரவே இல்லை, ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்றால் ஆயிரங்களுக்குப் போய்விடும்.

ஃபோர்டு சொன்ன கணக்குப்படி 1,00,000 மைலில் பிளக் மாற்ற வேண்டும். நம் வாசகர் பார்த்திருக்கும் வண்டி 1,38,000 ஓடியிருக்கிறது. மாற்றிய பில்லைக் காட்டினால் நல்லது. 'மாற்றினேன், ஆனால் பில் இல்லை' என்றால் மாற்றவில்லை என்றே கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

சூடானதும் தட்டும் சத்தம்

இதுதான் பெரிய பில்.

இந்த எஞ்சினின் இரண்டு ஹெட்டிலும் கேம் ஷாஃப்ட் முனையில் ஃபேஸர் என்று ஓர் உருளை இருக்கிறது. வால்வு திறந்து மூடும் நேரத்தை, எஞ்சின் வேகத்துக்கு ஏற்ப முன்பின் நகர்த்துவது அதன் வேலை. அதை நகர்த்துவது ஆயில் பிரஷர். ஆயில் அழுக்கானால், அளவு குறைந்தால், பிரஷர் இறங்கினால் ஃபேஸர் தள்ளாடும். அப்போது டீசல் வண்டிபோல 'டக் டக் டக்' என்று சத்தம் கேட்கும்.

இது எப்போது கேட்கும் என்பது முக்கியம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கேட்காது. இருபது நிமிடம் ஓட்டி எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, பிரேக்கை மிதித்துக்கொண்டு கியரில் நிற்கும்போதுதான் கேட்கும். சூட்டில் ஆயில் இளகிப் பிரஷர் குறைவதே காரணம்.

கூடவே டைமிங் செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரின் சீல் கிழிந்து ஆயில் கசியும். செயின் ஓடும் பிளாஸ்டிக் வழித்தடம் உடைந்து, துண்டுகள் ஆயில் பேனுக்குள் விழும். அவை ஆயில் உறிஞ்சும் வாயை அடைத்தால் எஞ்சினே போய்விடும். அதனால் ஃபேஸரை மட்டும் மாற்றாமல் செயின், வழித்தடம், டென்ஷனர் என்று எல்லாவற்றையும் செட்டாக மாற்றுவதுதான் புத்திசாலித்தனம். பத்து மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும் வேலை. சாதாரண ஒர்க்‌ஷாப்பில் 2,000 முதல் 3,500 டாலர் வரை தயாராக இருங்கள். 900 டாலர் போதாது என்று சொன்னது இதற்காகத்தான்.

வராமல் தடுக்க முடியுமா? பெரும்பாலும் முடியும். ஃபோர்டு சொன்ன 5டபிள்யூ-20 ஆயிலை, 5,000 மைலுக்கு ஒருமுறை தவறாமல் மாற்ற வேண்டும். ஒருமுறைக்கு 7 குவார்ட், அதாவது சுமார் 6.6 லிட்டர் பிடிக்கும். முந்தைய ஓனர் அப்படி மாற்றியிருந்தால் 1,38,000 மைல் ஓடிய வண்டியிலும் இந்த எஞ்சின் அமைதியாக இருக்கும். மாற்றாமல் விட்டிருந்தால், வெளியே குரோம் எவ்வளவு மின்னினாலும் உள்ளே தட்டும்.

குளிர்ந்திருக்கும்போது 'டிக் டிக்'

இன்னொரு சத்தமும் உண்டு. இது நேர்மாறு. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 'டிக் டிக்' என்று கேட்கும். சூடானதும் குறைந்துவிடும் அல்லது நின்றுவிடும். புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைப் பிடித்திருக்கும் போல்ட் துருப்பிடித்து உடைந்தால் இப்படிக் கேட்கும். இடைவெளி வழியே புகை கசிவதுதான் சத்தம். சூட்டில் உலோகம் விரிந்ததும் இடைவெளி அடைபட்டுவிடுகிறது.

போல்ட் மலிவு. ஆனால் உடைந்த போல்ட்டை ஹெட்டுக்குள்ளிருந்து எடுப்பது பொறுமையான வேலை. ஒரு பக்கத்துக்கே 600 முதல் 1,200 டாலர் வரை கேட்பார்கள். உடனே மாற்றாவிட்டால் எஞ்சின் போய்விடும் என்று பயப்பட வேண்டியதில்லை. விலை பேசும்போது குறைத்துக் கேட்க இது நல்ல காரணம்.

சூட்டில் தட்டினால் ஃபேஸர், குளிரில் தட்டினால் மேனிஃபோல்டு. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டியைக் காட்டும் முன் எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால், ஏன் என்று கேளுங்கள்.

சின்ன பில்கள்

நடுரோட்டில் திடீரென்று நிற்பது: ஃப்யூல் பம்பை இயக்கும் சின்ன எலெக்ட்ரானிக் பெட்டி ஒன்று, பின்பக்கம் ஸ்டெப்னிக்கு மேலே சேஸியில் இருக்கிறது. அலுமினியப் பெட்டியை இரும்பு சேஸியோடு ஒட்டி மாட்டிவிட்டார்கள். இரண்டு உலோகமும் உரசி அரித்து, பெட்டியில் ஓட்டை விழுந்து தண்ணீர் புகுந்துவிடும். வண்டி ஸ்டார்ட் ஆகாது அல்லது ஓடும்போதே நிற்கும். புதுப் பெட்டி 100 டாலருக்குள் கிடைக்கும், மாற்றுவதும் எளிது. இது தெரியாத மெக்கானிக் ஃப்யூல் பம்பையே மாற்றிப் பல நூறு டாலர் பில் போட்டுவிடுவார். பனிக்காலத்தில் ரோட்டில் உப்பு போடும் மிச்சிகன், ஒஹையோ பக்கம் ஓடிய வண்டிகளில் இது அதிகம்.

முன்சக்கரத்தில் கரகரப்பு: வேக்குவம் ஹப் உள்ள ஃபோர்வீல் டிரைவ் வண்டிகளுக்கு மட்டும். சாதாரணமாக ஓட்டும்போது முன்சக்கர ஹப்பை விலக்கி வைத்திருப்பது வேக்குவம் இழுவிசை. ரப்பர் ட்யூபிலோ சுவிட்சிலோ கசிவு வந்தால் ஹப் பாதி சேர்ந்து, பாதி சேராமல் உரசும். பெரும்பாலும் சில பத்து டாலர் பொருளில் சரியாகிவிடும். கண்டுகொள்ளாமல் ஓட்டினால் ஹப்பின் பல் தேய்ந்து சில நூறு டாலராகிவிடும்.

எஞ்சின் உதறுவது: ஒவ்வொரு பிளக்குக்கும் மேலே ஒரு காயில். எட்டில் ஒன்று போனாலும் வண்டி உதறும், 'செக் எஞ்சின்' விளக்கு மினுக்கும். காயில் ஒன்று 50 டாலர்போல ஆகும்.

லிங்கனில் மட்டும் வருவது

எஞ்சின், பிரேக், சஸ்பென்ஷன் எல்லாம் எஃப்-150 பொருள். ஆனால் முன்பக்க கிரில், பின்விளக்கு, குரோம் பட்டை, சீட் தோல் போன்றவை மார்க் எல்டிக்கு மட்டுமே செய்தவை. அமெரிக்காவில் மூன்று மாடல் வருடத்தோடு நின்றுபோன வண்டி. இடித்து உடைந்தால் பழைய வண்டி உடைக்கும் யார்டில்தான் தேட வேண்டும். ஆகவே வண்டியைச் சுற்றி வரும்போது விளக்குகளில் விரிசல், தண்ணீர் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சினில் ஒரு பொருளை மாற்றுவதைவிட இதில் ஒரு விளக்கை மாற்ற அலைச்சல் அதிகம்.

அப்படியானால் எஸ்கலேட் வாங்கலாமா?

இந்த விலைக்குத் தேடுகிறவர் கண்ணில் அடுத்து படுவது கேடிலாக் எஸ்கலேட் இஎக்ஸ்டி. 2002 முதல் 2013 மாடல் வரை வந்தது. செவர்லே அவலாஞ்ச் பிக்கப்பின் பணக்கார அண்ணன். இதில் அந்த பிளக் தொல்லை இல்லை. ஆனால் வேறு தலைவலிகள் உண்டு.

பிற்காலத்தில் வந்த சிலவற்றில் ஷாக் அப்சார்பருக்குள் காந்தத்தால் கெட்டியாகும் திரவம் இருக்கிறது. பயணம் மெத்தைபோல இருக்கும். கசிந்தால் ஒன்றுக்கே பல நூறு டாலர், நான்கையும் ஒரிஜினலாக மாற்றினால் ஆயிரங்கள். அதனால் பலர் சாதாரண ஷாக் மாட்டிவிட்டு, எச்சரிக்கை விளக்கு எரியாமலிருக்க ஒரு சின்ன மின்கருவியையும் பொருத்திவிடுகிறார்கள். அதில் தப்பில்லை, ஆனால் விற்பவர் அதைச் சொல்ல வேண்டும்.

2010 முதல் வந்த 6.2 லிட்டர் எஞ்சினில், பெட்ரோல் மிச்சம் பிடிக்க நான்கு சிலிண்டர்களைத் தற்காலிகமாக நிறுத்தும் ஏற்பாடு சேர்ந்தது. அதன் லிஃப்டர் கெட்டுப்போனால் ஃபேஸர் பில்லுக்கு இணையான பில் வரும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஏர்பேக். 2007 முதல் 2013 வரையான எஸ்கலேட் இஎக்ஸ்டியில், முன் பயணி பக்கம் உள்ள டாகாட்டா நிறுவன ஏர்பேக் ரீகாலில் இருக்கிறது. அதற்குள் இருக்கும் வெடிமருந்து, சூடும் ஈரமும் அதிகமுள்ள ஊர்களில் வருடக்கணக்கில் இருந்தால் கெட்டுப்போகும். விபத்தில் ஏர்பேக் விரியும்போது உலோகத் துண்டுகள் ஆள்மேல் பாயலாம். ஹூஸ்டன் அப்படிப்பட்ட ஊர்தான். பக்கத்து சீட்டில் உட்காரப் போவது உங்கள் மனைவி. ரீகால் வேலைக்கு டீலர்கள் பொதுவாகப் பணம் வாங்குவதில்லை. அது முடிந்திருக்கிறதா என்று பார்க்காமல் அந்த வண்டியில் யாரையும் ஏற்றாதீர்கள்.

பார்க்கப் போகும் நாளில்...

1. போகும் முன்பே வண்டியின் 17 இலக்க விஐஎன் எண்ணை வாங்குங்கள். அமெரிக்க அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாக இணையதளத்தில் அதைப் போட்டால், பாக்கியிருக்கும் ரீகால்கள் இலவசமாகத் தெரியும். எந்த வண்டிக்கும் இதைச் செய்யுங்கள்.

2. எஞ்சின் குளிர்ந்த நிலையில் பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். ஸ்டார்ட் செய்து முதல் இரண்டு நிமிடம் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

3. குறைந்தது இருபது நிமிடம் ஓட்டுங்கள். ஏசி, பாட்டு இரண்டையும் நிறுத்திவிட்டு, கியரில் பிரேக் பிடித்து நின்று மறுபடி கேளுங்கள்.

4. 20, 30 டாலருக்கு ஓபிடி ஸ்கேனர் கிடைக்கும். டாஷ்போர்டுக்குக் கீழே சொருகினால் மறைந்திருக்கும் கோளாறுகளைப் போனில் காட்டும். 'சோதனைகள் இன்னும் முடியவில்லை' என்று பலவற்றில் காட்டினால், நீங்கள் வரும் முன் யாரோ கோளாறுப் பதிவுகளை அழித்திருக்கலாம்.

5. 'செக் எஞ்சின்' விளக்கைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். தனியார் வண்டிகளுக்கான பாதுகாப்புச் சோதனையை டெக்ஸாஸ் 2025 ஜனவரியிலிருந்து எடுத்துவிட்டது. ஆனால் ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுன்ட்டியில் புகைச் சோதனை உண்டு. 24 வயது வரையான பெட்ரோல் வண்டிகளுக்கு அது பொருந்தும். விளக்கு எரிந்தால் ஃபெயில், ரெஜிஸ்ட்ரேஷன் புதுப்பிக்க முடியாது. பாதுகாப்புச் சோதனை இல்லாததால் பிரேக், டயர், ஸ்டியரிங்கை நீங்களே கவனித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

6. விற்பவருக்குச் சம்பந்தமில்லாத மெக்கானிக்கிடம் 100, 200 டாலர் கொடுத்து ஒருமுறை முழுதாகப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குச் சம்மதிக்காத விற்பவரிடம் பேச்சை வளர்க்காமல் வந்துவிடுங்கள்.

ஒரு வருடக் கணக்கு

வண்டி விலை 9,000. டெக்ஸாஸ் விற்பனை வரி 6.25 சதவீதம், அதாவது சுமார் 560 டாலர். நகரத்துக்குள் கேலனுக்கு 12, 13 மைல்தான் கொடுக்கும். நம் கணக்கில் லிட்டருக்கு ஐந்து முதல் ஐந்தரை கிலோமீட்டர்! ஹைவேயையும் சேர்த்துச் சராசரி 14 என்று வைத்தால், வருடம் 12,000 மைலுக்கு 857 கேலன். கேலன் 3 டாலர் என்றாலும் பெட்ரோலுக்கு மட்டும் 2,570 டாலர் ஆகிறது. இன்ஷூரன்ஸ் தனி.

இதற்கெல்லாம் மேலே, தொடாமல் வைக்க வேண்டிய ரிப்பேர் பணம் 3,500 டாலர். அந்தப் பெரிய பில் வராமலும் போகலாம். வராவிட்டால் அது உங்கள் சேமிப்பு. அந்தப் பணம் இல்லாமல் வாங்கினால், பில் வரும் மாதம் கிரெடிட் கார்டில் வட்டி கட்ட வேண்டியிருக்கும். இல்லையென்றால் தட்டும் எஞ்சினோடு பாதி விலைக்கு விற்க வேண்டியிருக்கும். 9,000 டாலருக்கு வாங்கியவர் மூன்றே மாதத்தில் 4,000-க்குத் தள்ளிவிடுவது பழைய சொகுசு வண்டிகளில் இப்படித்தான் நடக்கிறது.

கொரோலாவை விற்க வேண்டாம் என்றதற்கும் இதுதான் காரணம். 18 வயதைத் தாண்டிய பிக்கப் வருடத்துக்கு ஒருமுறையாவது ஒர்க்‌ஷாப்பில் நாலு நாள் படுக்கும். ஹூஸ்டன்போல எங்கும் காரிலேயே போக வேண்டிய ஊரில், அந்த நாலு நாளும் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் எதில் போவீர்கள்? பழைய பிக்கப் வீட்டின் இரண்டாவது வண்டியாக இருந்தால் சந்தோஷம் தரும். ஒரே வண்டியாக இருந்தால் ஒவ்வொரு சத்தமும் வயிற்றைக் கலக்கும்.

அதனால் ஹூஸ்டன் வாசகரே, இப்போது பார்த்துவைத்த வண்டி கைவிட்டுப் போனால் போகட்டும். மார்க் எல்டி அடிக்கடி விற்பனைக்கு வரும். 9,000-த்தோடு 3,500-ம் தனியாகச் சேர்ந்த பிறகு, ஆயில் மாற்றிய பில்களையும் பிளக் மாற்றிய பில்லையும் அடுக்கி வைத்திருக்கும் ஓனராகத் தேடுங்கள். அப்படிப்பட்டவர் 1,000 டாலர் அதிகம் கேட்டாலும் கொடுக்கலாம். போகும்போது மனைவியையும் அழைத்துப் போங்கள். குரோமில் மயங்காத ஒரு காதும் கூட இருப்பது நல்லது.

அடுத்த வாரம்: காரை ஒரு மாதம் ஓட்டாமல் நிறுத்திவைத்தால் பேட்டரிக்கு என்ன ஆகும்? உங்கள் வண்டிக்கு என்ன பிரச்னை என்று எழுதுங்கள். மாடல், வருடம், ஓடிய தூரம், சத்தம் எப்போது கேட்கிறது என்பதையும் மறக்காமல் சேர்த்து அனுப்புங்கள்.